இல்லற விளக்கு: கூடத்துச் சுவரில் ஒரு திரை



சில மாதங்களுக்கு முன் ஒரு மாலையில் திருப்பலி முடிந்து கோவில் கதவைச் சாத்திக்கொண்டிருந்தேன். எங்கள் பங்கைச் சேர்ந்த இளைஞர் ஒருவர் தயங்கித் தயங்கி அருகில் வந்தார். கையில் ஒரு கடையின் விளம்பரத் தாள் இருந்தது.

"சாமி, வீட்டுக்குப் பெரிய டி.வி. ஒண்ணு வாங்கப் போறோம். 65 இஞ்ச். சினிமாக் கொட்டகை மாதிரி சுத்திலும் ஸ்பீக்கர் வச்சுக்கலாம்னு இருக்கோம். ஒரு சந்தேகம் கேக்கணும்."

"பெட்டியை மந்திரிக்க வேண்டுமா, தம்பி?" என்று சிரித்தேன்.

"அது இல்லீங்க சாமி. கூடத்துல ஒரே ஒரு சுவர்தான் தோதா இருக்கு. அதுல செபப் பீடம் இருக்கு. அதை உள்ளே சமையலறைப் பக்கம் மாத்தினா தப்பா?"

தவறில்லை என்று உடனே சொல்லியிருக்கலாம். பீடத்தை இடம் மாற்றுவது பாவமன்று. வீட்டின் வசதிக்கேற்ப எத்தனையோ குடும்பங்கள் மாற்றியிருக்கின்றன. ஆனால் அந்த வீட்டை நான் அறிவேன். நடக்கவியலாத ஒரு வயது முதிர்ந்த தாய் அங்கே இருக்கிறார். முதல் வெள்ளிதோறும் அவருக்கு நற்கருணை கொண்டு செல்கிறேன். ஆகவே, "நாளைக்கு வந்து பார்த்துச் சொல்கிறேன், ஓர் அளவு நாடா எடுத்து வையுங்கள்" என்றேன்.

தொலைக்காட்சிப் பெட்டியைப் பற்றிப் பங்குக் குரு எழுதலாமா என்று சிலர் வியக்கக்கூடும். திருச்சபை இச்சாதனத்தைப் பற்றி நெடுநாளாகவே சிந்தித்து வந்திருக்கிறது. திரைப்படம், வானொலி, தொலைக்காட்சி ஆகிய மூன்றையும் பற்றித் திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ் 'மிராந்தா ப்ரோர்சுஸ்' என்னும் சுற்றுமடலை வெளியிட்டது 1957ஆம் ஆண்டில். அதற்கடுத்த ஆண்டே அசிசி நகரப் புனித கிளாராவைத் தொலைக்காட்சியின் பாதுகாவலியாக அவர் அறிவித்தார். 1252ஆம் ஆண்டு கிறிஸ்து பிறப்பு இரவில் நோயுற்றுப் படுத்திருந்த கிளாரா, கோவிலுக்குச் செல்ல இயலாத நிலையில், அங்கு நடந்த வழிபாட்டைத் தம் படுக்கையிலிருந்தே கண்டும் கேட்டும் மகிழ்ந்தார் என்பது வழிவழி வரும் வரலாறு. 1963இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் சமூகத் தொடர்புச் சாதனங்களுக்கென்றே ஒரு விதித்தொகுப்பை அளித்தது. 1994ஆம் ஆண்டின் சமூகத் தொடர்பு நாளுக்குத் திருத்தந்தை இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் எடுத்துக்கொண்ட பொருளே தொலைக்காட்சியும் குடும்பமும்தான். எனவே இது நமக்கு அந்நியமான பொருளன்று.

நம் வீடுகளில் இப்பெட்டி நுழைந்த விதத்தையும் எண்ணிப் பாருங்கள். சென்னையில் 1975 ஆகஸ்டு 15 அன்று ஒளிபரப்புத் தொடங்கியது. 1982இல் டில்லி ஆசிய விளையாட்டுப் போட்டியையொட்டி வண்ணம் வந்தது. ஒரு வீட்டில் பெட்டி இருந்தால் தெருவே அங்கு கூடிய காலம் அது. 2006இல் தொடங்கிய அரசின் இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டத்தால் ஏழைக் குடிசையிலும் பெட்டி ஒளிர்ந்தது. பெட்டி இருப்பதா இல்லையா என்பது இன்று வினாவன்று. எவ்வளவு பெரியது, எங்கே வைப்பது, யாருக்காக என்பதே வினா.

மறுநாள் அவ்வீட்டுக்குச் சென்றேன். கூடம் பத்தடிக்குப் பன்னிரண்டடி. எதிர்ச் சுவரையொட்டி நாற்காலிகள். அமர்ந்திருப்பவரின் கண்ணிலிருந்து பீடச் சுவர் வரை அளந்தோம், எட்டடி. அச்சுவரில் சன்னலுக்கும் கதவுக்கும் இடையே கிடைத்த இடம் ஆறடி. அதில் இரண்டடியைச் செபப் பீடம் எடுத்துக்கொண்டிருந்தது.

கடையில் சொல்லும் அங்குலக் கணக்கு, திரையின் ஒரு மூலையிலிருந்து எதிர்மூலைக்கு உள்ள குறுக்களவு, அகலமன்று. இக்காலத் திரைகள் 16க்கு 9 என்னும் விகிதத்தில் அமைந்தவை. அதன்படி 43 அங்குலத் திரையின் அகலம் சுமார் 95 சென்டிமீட்டர், அதாவது மூன்றடிக்குச் சற்று மேல். 55 அங்குலத் திரை நான்கடி. 65 அங்குலத் திரையோ ஏறத்தாழ நாலே முக்கால் அடி. சட்டத்தின் கனம் இன்னும் சிறிது கூடும். ஆக, 65 அங்குலப் பெட்டி வந்தால் பீடம் போகவேண்டும். 55 வந்தால் இரண்டும் மூச்சுமுட்ட நெருங்கி நிற்கும். 43 வந்தால் இரண்டுக்கும் இடமுண்டு.

"சின்னதா வாங்கினா படம் தெளிவா இருக்குமா சாமி? 4கே வேணும்னு கடையில சொன்னாங்க" என்றார் தம்பி.

நியாயமான கேள்வி. திரையில் தோன்றும் படம் எண்ணற்ற நுண்ணிய புள்ளிகளால் ஆனது. பழைய தரத்தில் அப்புள்ளிகள் சுமார் நான்கு இலட்சம். முழு உயர்தெளிவு எனப்படும் 'ஃபுல் எச்.டி.' திரையில் குறுக்கே 1920, நெடுக்கே 1080; பெருக்கினால் 20,73,600. 4கே திரையில் அதற்கு நான்கு மடங்கு, 82,94,400. ஆனால் ஆண்டவர் நமக்குத் தந்த கண்ணுக்கும் ஓர் எல்லை உண்டு. நல்ல பார்வையுடையவர் பாகையில் அறுபதில் ஒரு பங்கு அளவான நுணுக்கத்தையே பிரித்தறிய இயலும். அதைக் கொண்டு கணக்கிட்டால், 43 அங்குல முழு உயர்தெளிவுத் திரையின் புள்ளிகள் ஐந்தரை அடிக்கு அப்பால் தனித்தனியாகத் தெரியா. எட்டடிக்கு அப்பால் அமர்ந்திருப்பவருக்கு அந்த அளவில் 4கே தரும் கூடுதல் நுணுக்கம் எட்டாது. 43 அங்குலமும் அதற்கு மேற்பட்டதுமான பெட்டிகள் இன்று பெரும்பாலும் 4கே ஆகவே வருகின்றன. வந்தால் வரட்டும், அதற்காக மட்டும் அதிகப் பணம் கொடுக்கவேண்டாம் என்பதே நான் சொல்ல வருவது.

65 அங்குலம் எட்டடித் தொலைவுக்குத் தீங்கு என்றும் சொல்லமாட்டேன். திரைப்படம் ஒன்றையே நோக்கமாகக் கொண்டவர்கள் அப்படி அமைப்பதுண்டு. ஆனால் நம் வீடுகளில் பெரும்பொழுது ஓடுவது செய்தியும் தொடரும் பழைய படங்களும். பழைய தரத்தில் வரும் படத்தை எவ்வளவு பெரிதாக விரிக்கிறோமோ அவ்வளவு அதன் கரடுமுரடும் விரியும். குறுக்களவைப் போல் ஒன்றரை மடங்கு முதல் இரண்டரை மடங்கு வரையுள்ள தொலைவில் அமர்ந்து பார்ப்பது பொதுவான வீட்டு வழக்கத்துக்கு ஏற்றது. எட்டடி என்பது 96 அங்குலம். 43 அங்குலத் திரை அந்த அளவுக்குள் நன்றாகவே அடங்குகிறது.

பிறகு விலைப் பேச்சு வந்தது. 65 அங்குலப் பெட்டியையும் ஒலிபெருக்கிகளையும் பதினெட்டு மாதத் தவணையில் எடுக்க எண்ணியிருந்தார்கள். கோபுரம் கட்ட முனைந்தவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்கிடவேண்டும் என்று நம் ஆண்டவர் உவமை சொன்னார் அல்லவா? தவணை முடியும் முன் பிள்ளையின் பள்ளிக் கட்டணம் மூன்று முறை வரும் என்று அவ்வீட்டு மருமகள் அமைதியாகச் சொன்னார். அதற்கு மேல் நான் ஒன்றும் சொல்லவேண்டியிருக்கவில்லை.

இதற்கிடையே உள்ளறையிலிருந்து அந்தத் தாயின் குரல் கேட்டது. சென்று கட்டிலருகே இருந்த முக்காலியில் அமர்ந்தேன்.

"சாமி, அவங்க ஆசைப்படுறத வாங்கிக்கிடட்டும். எனக்கு அந்தப் பெட்டி தெரியவும் தெரியாது, கேக்கவும் கேக்காது. மாதாவ மட்டும் எடுத்துராம இருந்தாப் போதும்."

நான் திரும்பிப் பார்த்தேன். திறந்த கதவின் வழியே கூடத்துச் சுவரின் ஒரு துண்டுதான் தெரிந்தது. அந்தத் துண்டில் செபப் பீடம் இருந்தது. மாதா சுரூபமும், திரு இருதயப் படமும், எரியும் சிறு விளக்கும் நேராகத் தெரிந்தன. நாற்காலிகளும் பேரப்பிள்ளைகளும் தெரியவில்லை. மூன்று ஆண்டுகளாக அவர் கண்ணுக்குக் கூடத்தில் கிடைத்த காட்சி அவ்வளவே.

தம்பியை அழைத்து, "கொஞ்சம் இங்கே உட்காருங்கள்" என்று எழுந்து இடம் கொடுத்தேன். அவர் அமர்ந்தார், கதவின் வழியே பார்த்தார். நெடுநேரம் பேசவில்லை. தாயின் கட்டிலருகே தினமும் நின்றிருக்கிறார். அங்கே உட்கார்ந்து அந்தப் பக்கம் பார்த்தது அன்றுதான்.

அன்று முடிவானது இது. 43 அங்குலப் பெட்டி. பீடம் இருந்த இடத்திலேயே இருக்கும். பெட்டியைச் சுவரோடு அசையாமல் பொருத்தாமல், முன்னுக்கு இழுத்துப் பக்கவாட்டில் திருப்பக்கூடிய கைகொண்ட தாங்கியில் மாட்டுவது. ஞாயிறு காலைத் திருப்பலி ஒளிபரப்பின்போது திரையை உள்ளறைக் கதவை நோக்கித் திருப்பிவிட்டால் அந்தத் தாய் படுக்கையிலிருந்தே பார்க்கலாம். பக்கவாட்டிலிருந்து பார்ப்போர் உள்ள வீட்டுக்கு 'ஐ.பி.எஸ்.' வகைத் திரை நல்லது. சாய்வாகப் பார்த்தாலும் நிறம் அதிகம் வெளிறாது. 'வி.ஏ.' வகையில் கருமை ஆழமாயிருக்கும். நேரே அமர்ந்து பார்ப்போருக்கு அது சிறந்தது. 'ஓ.எல்.இ.டி.' இரண்டிலும் மேலான படம் தரும். ஆனால் விலை மிகுதி, மேலும் நாள் முழுதும் ஒரே செய்தி அலைவரிசையின் சின்னம் ஓரிடத்தில் நின்றால் நாளடைவில் அதன் தடம் திரையில் பதியக்கூடும்.

அவ்வீட்டுக்காகச் சொன்னவற்றோடு, மற்ற இல்லங்களுக்கும் பயன்படக்கூடிய சிலவற்றை இங்கே வரிசைப்படுத்துகிறேன்.

முதலாவது, உயரம். சுவாமி படம் மாட்டும் உயரத்தில் தொலைக்காட்சியை மாட்டுகிறார்கள். கழுத்து வலிதான் மிச்சம். அமர்ந்திருப்பவரின் கண்மட்டத்துக்குத் திரையின் நடுப்பகுதி வரவேண்டும். தரையிலிருந்து மூன்றரை அடி அளவு. மேசைமேல் வைப்பதானால் பட்டையாலோ திருகாணியாலோ சுவரோடு பிணைத்துவிடுங்கள். தவழும் குழந்தை பிடித்து இழுத்தால் பெட்டி மேலே சாயும்.

இரண்டாவது, வெளிச்சம். சன்னலுக்கு நேர் எதிரே வைக்கவேண்டாம். நான் என் அறையில் அப்படி வைத்து, ஒரு மாதம் செய்தி வாசிப்பவரைவிட என் முகத்தையே அதிகம் பார்த்தேன்.

மூன்றாவது, இணைப்பு. புதிய உயர்தெளிவுப் பெட்டி வாங்கிவிட்டுப் பழைய செட்டாப் பெட்டியை மஞ்சள், வெள்ளை, சிவப்பு முனைகள் கொண்ட பழைய கம்பியால் இணைத்திருக்கும் வீடுகள் பலவற்றைக் கண்டிருக்கிறேன். அக்கம்பி உயர்தெளிவுப் படத்தைக் கடத்தாது. உயர்தெளிவுச் செட்டாப் பெட்டி வேண்டும், 'எச்.டி.எம்.ஐ.' கம்பி வேண்டும். உயர்தெளிவு அலைவரிசைகளுக்கும் தனியே பதிவு வேண்டும். இம்மூன்றில் ஒன்று குறைந்தாலும் கொடுத்த விலை வீண். ஆறடிக்குட்பட்ட கம்பிக்குத் தங்கமுலாம் என்று சொல்லிப் பெருவிலை கேட்டால் மறுத்துவிடுங்கள். தரமான சாதாரணக் கம்பியும் அதே படத்தைத்தான் தரும்.

நான்காவது, படத்தின் அமைப்பு. கடையின் பேரொளியில் கண்ணைக் கவர்வதற்கென்று நிறத்தையும் ஒளியையும் உச்சத்தில் வைத்திருப்பார்கள். வீட்டுக்கு வந்ததும் 'வீட்டு முறை'யைத் தெரிந்தெடுத்து, படமுறையை 'சினிமா' அல்லது 'ஸ்டாண்டர்டு' என மாற்றுங்கள். மனித முகத்தின் நிறம் இயல்பாகத் தெரிகிறதா என்பதே சோதனை. பழைய 4க்கு 3 விகிதப் படங்களை அகலமாக இழுத்து எல்லாரையும் பருமனாக்காதீர்கள். இருபுறமும் கறுப்புப் பட்டை இருந்துவிட்டுப் போகட்டும்.

ஐந்தாவது, ஒலி. இக்காலத் தட்டைப் பெட்டிகளின் ஒலிபெருக்கி சிறியது. கீழ்நோக்கியோ பின்நோக்கியோ இருப்பதால் பேச்சு சுவரில் மோதித்தான் நம்மிடம் வருகிறது. முதியவர்கள் "எனக்கு டி.வி. பிடிக்காது" என்று ஒதுங்குவதற்கு இதுவும் ஒரு காரணம். ஐந்து ஒலிபெருக்கிகளும் ஓர் அதிரொலிப் பெட்டியும் கொண்ட 5.1 அமைப்பு பெரிய அறைக்கு அழகு. பத்தடிச் சிமெண்டுக் கூடத்தில் எதிரொலியும் இரைச்சலும் மிகும், பொதுச்சுவருக்கு அப்பால் உறங்கும் அயலாரையும் எழுப்பும். அயலாரை நேசிக்கவேண்டும் என்னும் கட்டளை இரவு பத்து மணிக்கும் செல்லும். சிறிய வீட்டுக்குத் திரையின் கீழே வைக்கும் நீள ஒலிபெருக்கி, அதாவது 'சவுண்டு பார்', போதும். 'ஏ.ஆர்.சி.' என்று குறித்த எச்.டி.எம்.ஐ. துளையில் அதை இணைக்கவேண்டும். பேச்சைத் தெளிவாக்கும் முறை அதில் உண்டா என்று கேட்டு வாங்குங்கள். சன்னலுக்கு ஒரு திரைச்சீலை, தரைக்கு ஒரு பாய் இருந்தால் எதிரொலி குறையும்.

ஆறாவது, பாதுகாப்பு. மூன்று முனைச் செருகியும் சரியான நிலத்தொடர்பும் இருக்கட்டும். இடி மின்னல் நேரத்தில் மின்செருகியோடு ஆண்டெனாக் கம்பியையும் கழற்றிவிடுங்கள். திரையை உலர்ந்த மென்துணியால் துடைத்தால் போதும். இணையத்தோடு இணையும் பெட்டியானால், குழந்தைகளுக்கான பூட்டைப் பெற்றோர் முதல் நாளே போட்டுவிடவேண்டும். நாம் என்ன பார்க்கிறோம் என்று பிறருக்குத் தெரிவிக்கும் அனுமதியையும் அமைப்புகளில் நிறுத்திவிடலாம்.

இவ்வளவும் பொருள் பற்றியது. இனி மனிதர் பற்றி ஒரு சொல்.

2020 மார்ச்சு 27 அன்று, கொள்ளைநோய்க்கு அஞ்சி உலகமே கதவடைத்திருந்த வேளையில், திருத்தந்தை பிரான்சிஸ் மழையில் நனைந்த வெறுமையான புனித இராயப்பர் சதுக்கத்தில் தனியே நின்று செபித்ததை நம்மில் பலர் இரவு பத்தரை மணிக்குத் தொலைக்காட்சியில் கண்டோம். அந்த மாதங்களில் திரை நமக்கு ஒரு சன்னலாயிற்று. அதற்காக நன்றி சொல்லவேண்டும். ஆனால் கோவில் திறந்த பின்னும், கால் நன்றாயிருந்தும், காப்பிக் குவளையோடு நாற்காலியில் அமர்ந்து ஞாயிறு கடமையை முடித்துக்கொள்வோர் சிலர் உண்டு. நோயாளிக்குக் கிடைத்த கொடையை நலமுள்ளோர் சாக்காக்கக் கூடாது. திரை அப்பத்தைக் காட்டலாம், ஊட்ட இயலாது.

மாலையில் ஒரு நேரம் பெட்டி அணைந்திருக்கட்டும். எந்த நேரம் என்பதைக் குடும்பமே கூடி முடிவு செய்யட்டும். தந்தை தம் கிரிக்கெட்டுக்கும் தாய் தம் தொடருக்கும் விலக்குக் கேளாதிருக்கட்டும். பிள்ளைகளை மட்டும் கட்டுப்படுத்தும் சட்டம் எந்த வீட்டிலும் நிலைத்ததில்லை.

சென்ற முதல் வெள்ளிக்கிழமை அவ்வீட்டுக்கு நற்கருணை கொண்டு சென்றேன். பீடத்து விளக்கு எரிந்துகொண்டிருந்தது. பக்கத்தில் புதிய பெட்டி அணைந்திருந்தது. நன்மை வாங்கிய பின் அந்தத் தாய் மெல்லச் சொன்னார்:

"ஞாயித்துக்கிழமை பிரசங்கம் முழுசாக் கேட்டேன் சாமி. ஆனா பேரன் என்ன செஞ்சான் தெரியுமா? பூசை முடிஞ்சதும் பெட்டியத் திருப்பி வைக்கவே இல்ல. இங்க கட்டில்ல ஏறி உக்காந்து, 'அப்பாயி, நாம ரெண்டு பேரும் கிரிக்கெட் பாப்போம்'ங்கிறான். எனக்கு ஒண்ணும் புரியல. ஆனா ரெண்டு மணி நேரம் பக்கத்துலயே இருந்தான்."

அன்பர்களே, பெட்டி வாங்க நினைக்கும்போது கடைக்குச் செல்லும் முன் வீட்டில் ஒரு சுற்று வாருங்கள். ஒவ்வொருவர் அமரும் இடத்திலும், படுக்கும் இடத்திலும் ஒரு நிமிடம் அமர்ந்து, அங்கிருந்து என்ன தெரிகிறது, யாருடைய குரல் கேட்கிறது என்று பாருங்கள். அதன் பிறகு அளவு நாடாவை எடுங்கள்.

நோயுற்றோரின் படுக்கையருகே ஒளியாக வந்த ஆண்டவர் உங்கள் இல்லங்களை ஆசீர்வதிப்பாராக. புனித கிளாரா நமக்காக வேண்டிக்கொள்வாராக.

உங்கள் அன்புள்ள,
பங்குத் தந்தை